கண்மாய்த் தண்ணிக்கு கம்ப்யூட்டர்ல கணக்கு: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர் மேலாண்மைக்கு "டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம்"னு, அதாவது முடிவு எடுக்க உதவற கம்ப்யூட்டர் அமைப்புன்னு, ஒண்ணு இருக்காம்னு கேள்விப்பட்டு வர்ற நிறைய பேரு முதல் நாளே ஒரு பெரிய சாஃப்ட்வேரை இறக்கிடறாங்க, திறந்து பாத்தா அம்பது அறுபது கட்டம் காலியா நிக்கும், எதை எங்க போடறதுன்னு தெரியாம ஒரு வாரத்துல மூடி வெச்சிடறாங்க. சிவில் முடிச்சுட்டு வர்ற பசங்க, தொண்டு நிறுவனத்துல புதுசா சேர்ந்தவங்க, ஊர் பாசன சங்கத்துல பொறுப்பு எடுத்துக்கிட்ட இளவட்டங்கன்னு பலபேர் இப்படி மாட்டிக்கிட்டதைப் பாத்திருக்கேன். அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கிட்டு, ஒரு எக்செல் ஷீட்டுல ஆரம்பிச்சு, பெரிய சாஃப்ட்வேர் எப்ப தேவைப்படும்ங்கறது வரைக்கும் படிப்படியா சொல்றேன்.

பேரு பெருசா இருந்தாலும் உள்ள இருக்கறது மூணே விஷயம்தான். டேட்டா, அந்த டேட்டாவை வெச்சு தண்ணி எப்படிப் போகுதுன்னு கணக்குப் போடற மாடல், அந்த மாடல்கிட்ட நாம கேக்கற கேள்வி. மேட்டூர் அணையில வருஷா வருஷம் ஜூன் 12 கிட்ட வந்தா எல்லாரும் கேக்கறது இதே மாதிரி கேள்விதான், இருப்பு இவ்வளவு இருக்கு, குறுவைக்குத் திறக்கலாமா, திறந்தா சம்பா வரைக்கும் தாங்குமான்னு. அங்க கொள்ளளவு 93.47 டிஎம்சி, நாம உதாரணத்துக்கு எடுத்துக்கற கண்மாய்ல வெறும் 20 மில்லியன் கன அடி, அதாவது 0.02 டிஎம்சி. ஆனா கணக்கோட எலும்புக்கூடு ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனால சின்னதுல கத்துக்கிட்டா பெருசு புரியும்.

முதல் படி: கேள்வியைத் தேதியோட எழுதுங்க

"நீர் மேலாண்மையை மேம்படுத்தணும்"னு எழுதி வெச்சா கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணாது. "டிசம்பர் 10ஆம் தேதி கண்மாய்ல இருக்கற தண்ணியை வெச்சு எத்தனை ஏக்கர் நெல் நடலாம்" இதுதான் கேள்வி. இதுல ஒரு முடிவு இருக்கு, அதை எடுக்கறவங்க இருக்காங்க, தேதி இருக்கு. தேதி ரொம்ப முக்கியம், ஏன்னா நடவு முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு உங்க மாடல் ரொம்ப துல்லியமா "தண்ணி பத்தாது"ன்னு சொன்னா அது யாருக்கும் பிரயோஜனம் இல்ல, அந்த விவசாயி ஏற்கனவே கடன் வாங்கி நட்டுட்டாரு. சுமாரான கணக்கா இருந்தாலும் முடிவு எடுக்கற நாளுக்கு முன்னாடி கையில இருக்கணும். நான் இந்த வேலையில கத்துக்கிட்டதுல முதல் இடம் இதுக்குத்தான் கொடுப்பேன்.

கேள்வி மாறினா டூலும் மாறும். கண்மாய் உடைஞ்சா எந்தத் தெரு மூழ்கும்ங்கறது வேற கணக்கு, கிணத்து மட்டம் ஏன் இறங்குதுங்கறது வேற கணக்கு. ஒரே ஷீட்டுல எல்லாத்தையும் போட நினைக்காதீங்க.

ரெண்டாவது படி: லேப்டாப்பை மூடிட்டு நடங்க

வரத்துக்கால் எங்கேந்து வருது, எத்தனை மடை, கலுங்கு (நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழியற எடம்) எங்க, மேல எந்தக் கண்மாய் நிறைஞ்சு நமக்கு வருது, நம்ம கலுங்கு வழிஞ்சா அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகுது. இதை ஒரு வெள்ளைத்தாள்ல கையால வரைங்க. தென் மாவட்டத்துல கண்மாய்ங்க சங்கிலியா இருக்கும், மேல் கண்மாய் நிறையாம கீழுக்கு சொட்டுத் தண்ணி வராது. இதை மறந்துட்டு மழையை மட்டும் வெச்சு வரத்துக் கணக்குப் போட்டா நவம்பர் மாசம் உங்க ஷீட்டுல கண்மாய் நிறைஞ்சிருக்கும், நேர்ல போனா மாடு மேயும்.

நீர்பாய்ச்சியைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. சில ஊர்ல மடைக்குடும்பன்னு சொல்லுவாங்க, சில ஊர்ல நீர்க்கட்டின்னு சொல்லுவாங்க, மடையைத் திறந்து அடைக்கிற ஆள். அவருக்குத் தெரிஞ்சது எந்த சாட்டிலைட்டுக்கும் தெரியாது.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு கண்மாய்ல கேஜ் பலகையை, அதாவது தண்ணி மட்டத்தை அடிக்கணக்குல காட்டற பலகையை, பாத்துப் பாத்து வாராவாரம் இருப்பைக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தோம், மாடல் சொல்றதுக்கும் பலகை சொல்றதுக்கும் எப்பவும் ஒரு பெரிய வித்தியாசம் நிக்குது. கசிவுன்னு நினைச்சோம், திருட்டுத்தனமா மோட்டார் வெச்சு எடுக்கறாங்களோன்னு கூட சந்தேகப்பட்டோம், ரெண்டு மாசம் போச்சு. கடைசியில நீர்பாய்ச்சி பெரியவர் மடைக்கல்லைக் கைத்தடியால தட்டிக் காமிச்சு, "தம்பி, நீங்க பலகையைப் பாக்கறீங்க, நான் கல்லைப் பாக்கறேன். பலகையைக் கழட்டி மாட்டுனாங்க, கல்லு எடம் மாறல"ன்னாரு. மடை ரிப்பேர் பண்ணப்போ பலகையை எடுத்துட்டு மறுபடி வைக்கறப்ப ஒரு அடி மாறிப்போயிருக்கு, யாரும் எங்கயும் எழுதி வைக்கல. நிறைஞ்ச கண்மாய்ல மேல ஒரு அடிங்கறது அங்க கிட்டத்தட்ட 5 மில்லியன் கன அடி, மொத்தக் கொள்ளளவுல கால்வாசி. அதுலேந்து எந்தக் கண்மாய்க்குப் போனாலும் நான் செய்யற முதல் வேலை, பலகையோட பூஜ்யம் மடை அடிமட்டத்துலேந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு டேப் வெச்சு அளந்து போட்டோ எடுத்து வைக்கறது. நீங்களும் அதைச் செய்யுங்க, செய்யாம அடுத்த படிக்குப் போகாதீங்க.

மூணாவது படி: மட்டத்தைக் கொள்ளளவா மாத்தற அட்டவணை

பலகை 8 அடி காட்டுதுன்னா உள்ள எவ்வளவு தண்ணி? இதுக்கு ஒவ்வொரு மட்டத்துலயும் தண்ணி எத்தனை ஏக்கருக்குப் பரவி நிக்குதுன்னு தெரியணும். நீர்வளத்துறையில (முன்னாடி பொதுப்பணித்துறையோட இருந்தது) பழைய "டேங்க் மெமாயர்"ங்கற கண்மாய்க் குறிப்பேடு இருக்கும், அதுல கொள்ளளவு, ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணி பாயற நிலம்), மடை அளவு எல்லாம் இருக்கும், கேட்டு வாங்குங்க. ஆனா அது பல வருஷத்துக்கு முந்தின கணக்கு, அதுக்கப்புறம் வண்டல் எவ்வளவோ சேர்ந்திருக்கும், அதனால அதை அப்படியே நம்ப வேணாம்.

புதுசா போடறதுக்கு ஒரு செலவில்லாத வழி இருக்கு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட சென்டினல்-2 சாட்டிலைட் படம் இலவசம், சுமார் 5 நாளைக்கு ஒரு தடவை வரும், ஒரு புள்ளிங்கறது 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கர்ல 40 புள்ளி அடங்கும், நம்ம கண்மாய்க்கு இது தாராளம். கியூஜிஐஎஸ்னு ஒரு இலவச மேப் சாஃப்ட்வேர்ல அந்தப் படத்தைத் திறந்து, பச்சை பேண்டுலேந்து (பேண்டுன்னா படத்துல ஒவ்வொரு வகை ஒளிக்கும் தனியா இருக்கற அடுக்கு) நியர் இன்ஃப்ராரெட் பேண்டைக் கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வர்ற எண் பூஜ்யத்துக்கு மேல இருந்தா பெரும்பாலும் அது தண்ணி. இதை என்டிடபிள்யூஐன்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ளிகளை எண்ணினா பரப்பு வந்துடும். அதே தேதியில பலகை என்ன காட்டுச்சுன்னு பதிவேட்டுல பாத்து ஜோடி சேருங்க. ஒரு வருஷத்துல கண்மாய் நிறைஞ்சு வத்தற வரைக்கும் எட்டு பத்து ஜோடி கிடைச்சாலே போதும்.

அப்புறம் கணக்கு சுலபம். உதாரணத்துக்கு 6 அடியில 90 ஏக்கர், 8 அடியில 120 ஏக்கர்னு வெச்சுக்குங்க. சராசரி 105, இடையில 2 அடி, ஆக 210 ஏக்கர் அடி. ஒரு ஏக்கர் அடிங்கறது 43,560 கன அடி, அதனால அந்த ரெண்டு அடிக்குள்ள மட்டும் சுமார் 9.15 மில்லியன் கன அடி இருக்கு. இப்படி ஒவ்வொரு அடுக்கா கீழேந்து மேல கூட்டிட்டு வாங்க.

ரெண்டு எடத்துல கவனம் வேணும். ஒண்ணு, அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் மேகம் மறைக்கும், அப்ப சென்டினல்-1 ராடார் படம் உதவும், அது மேகத்தை ஊடுருவிப் பாக்கும். இன்னொண்ணு, உள்வாய்ல, அதாவது தண்ணி நிக்கற உள்பக்கத்துல, சீமைக்கருவேலம் காடா இருந்தா மரத்துக்கு அடியில நிக்கற தண்ணி சாட்டிலைட்டுக்குத் தெரியாது, பரப்பு குறைச்சலாத்தான் வரும். அந்தப் பக்கம் மட்டும் போன் ஜிபிஎஸ்ஸை ஆன் பண்ணிக்கிட்டு தண்ணி ஓரமா நடந்து எல்லையைப் பிடிங்க, அரை நாள் வேலை.

நாலாவது படி: வரத்து

கஷ்டமான படி இதுதான், தப்பு அதிகம் நடக்கறதும் இங்கதான். மழைநீர் பிடிப்புப் பரப்பைக் கண்டுபிடிக்க கியூஜிஐஎஸ்ல உயர வரைபடத்தைப் போட்டு தண்ணி ஓடற திசையைக் கணிக்கலாம், எஸ்ஆர்டிஎம்னு 30 மீட்டர் உயர டேட்டா இலவசமா கிடைக்குது, நம்ம நாட்டு புவன் தளத்துல கார்ட்டோசாட் உயர டேட்டாவும் இருக்கு. மலை அடிவாரத்துல இது நல்லா வேலை செய்யும். ஆனா ராமநாதபுரம், சிவகங்கை கிழக்குப் பக்கம் மாதிரி சமதரையில பல மீட்டர் தப்பு இருக்கற டேட்டாவை வெச்சு அரை மீட்டர் வரப்பைக் கண்டுபிடிக்க முடியாது, சாஃப்ட்வேர் ஏதோ ஒரு கோட்டை அழகா வரைஞ்சு காமிக்கும், நம்பிடாதீங்க. நீங்க நடந்து வரைஞ்ச தாளோட ஒத்துப் பாத்து கையால திருத்துங்க.

அடுத்து, பெஞ்ச மழையில எவ்வளவு கண்மாய்க்கு வரும்? இதுக்கு அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்த கர்வ் நம்பர் முறை புதுசா வர்றவங்களுக்கு ஏத்தது. மண்ணு, நிலப் பயன்பாடு பாத்து ஒரு எண் கொடுப்பாங்க, எண் கூடக்கூட ஓட்டம் அதிகம். 80னு வெச்சு ஒரு கணக்கைக் காமிக்கறேன். ஒரே நாள்ல 60 மி.மீ. பெஞ்சா அதுல சுமார் 20 மி.மீ. ஓடி வரும். பிடிப்புப் பரப்பு 10 சதுர கிலோமீட்டர்னா அது 7 மில்லியன் கன அடி, கண்மாய்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே ராத்திரியில. அதே 60 மி.மீ. மூணு நாள் 20, 20, 20ன்னு தூறினா? ஒவ்வொரு நாளும் முக்கால் மி.மீ.தான் ஓடும், மூணு நாளும் சேர்த்து 1 மில்லியன் கன அடி கூட தேறாது. மண்ணு நனைஞ்சிக்கிட்டே வர்றதைச் சேர்த்தா கொஞ்சம் ஏறும், ஆனாலும் வித்தியாசம் பெருசு. "மழை நல்லாத்தான் பெஞ்சுது, கண்மாய்க்கு மட்டும் தண்ணி வரலியே"ன்னு ஊர்ல பேசிக்குவாங்க பாருங்க, அதுக்குக் காரணம் இதுதான். அதனால மாச மொத்த மழையை வெச்சு வரத்து போடவே போடாதீங்க, தினசரி மழை வேணும்.

தினசரி மழைக்கு இந்திய வானிலைத் துறையோட கட்டம் கட்டமான டேட்டா இருக்கு, 0.25 டிகிரி கட்டம், 1901லேந்து இருக்கு, ஒரு கட்டம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். சிர்ப்ஸ்னு இன்னொண்ணு சுமார் 5 கிலோமீட்டர் கட்டம், 1981லேந்து. பழைய வருஷங்களைப் பாக்க இது ரெண்டும் நல்லது. இந்த வருஷ மழைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு மழைமானி வெச்சு காலையில 8.30க்கு பசங்களை அளந்து எழுதச் சொல்லுங்க. மழை ஊருக்கு ஊர் எப்படி மாறுதுன்னு அவங்களே வந்து உங்களுக்குச் சொல்லுவாங்க.

அஞ்சாவது படி: ஷீட்

எக்செல் இல்லேன்னா லிப்ரே ஆபிஸ், ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை. வரத்தை மட்டும் தனித் தாள்ல தினசரி போட்டு வாரத்துக்குக் கூட்டி இங்க கொண்டு வாங்க. பத்தி இப்படி: வார ஆரம்ப இருப்பு, வரத்து, கண்மாய் மேலயே நேரா விழற மழை, ஆவியாதல், கசிவு, மடையில விட்டது, கலுங்கு வழிஞ்சது, வாரக் கடைசி இருப்பு. ஆரம்ப இருப்போட வரவெல்லாம் கூட்டி செலவெல்லாம் கழிச்சா கடைசி இருப்பு, அது கொள்ளளவை மீறினா மீறினதெல்லாம் கலுங்கு பத்திக்குப் போகணும், அடுத்த வரிசையோட ஆரம்பம் இந்த வரிசையோட கடைசி. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதத் தெரிஞ்ச யாரும் இதைப் போடலாம்.

ஆவியாதலைச் சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. ஜனவரி பிப்ரவரியில நம்ம பக்கம் ஒரு நாளைக்கு 5 மி.மீ.ன்னு எடுத்துக்கலாம், பக்கத்துல வானிலை நிலையம் இருந்தா அங்க பான்ல (ஆவியாதலை அளக்கற தண்ணித் தொட்டி) அளக்கறதை 0.7ஆல பெருக்கிக்குங்க. கசிவுக்கு ஒரு கைமுறை இருக்கு: மழை இல்லாம, மடையும் அடைச்சிருக்கற ஒரு பத்து நாளைப் பிடிங்க, மட்டம் 60 மி.மீ. இறங்கியிருந்தா அதுல 50 ஆவியானது, மிச்சம் 10 கசிவு, நாளுக்கு 1 மி.மீ. ரெண்டும் சேர்த்து 6 மி.மீ. பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா 120 ஏக்கர் பரப்புல ஒரு மாசத்துக்கு 3 மில்லியன் கன அடிக்கு மேல போகுது, 23 ஏக்கர் நெல்லுக்கு நடவுலேந்து அறுப்பு வரைக்கும் பாயற தண்ணி. மட்டம் இறங்க இறங்க பரப்பு சுருங்கும், இழப்பும் குறையும், அதனால மூணாவது படியில போட்ட அட்டவணையை ஷீட்டோட இணைச்சு ஒவ்வொரு வாரமும் புதுப் பரப்பை எடுத்துக்கற மாதிரி செய்யுங்க.

பயிர்த் தேவைக்கு ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட கிராப்வாட் இலவசம், மண்ணு, வெயில், காத்து எல்லாம் கொடுத்தா பத்துப் பத்து நாளா எவ்வளவு தண்ணின்னு சொல்லும். அது வரைக்கும் போக முடியாட்டி நெல்லுக்கு வாரத்துக்கு வயல்ல 2 அங்குலம்னு வெச்சு ஆரம்பிங்க, மடையில விடறதுல 30 சதவீதம் வாய்க்கால்ல போற வழியில வீணாகுதுன்னு வெச்சு, வயல் தேவையை 0.7ஆல வகுத்துக்குங்க.

ஆறாவது படி: போன வருஷத்தை வெச்சு சோதிங்க

ஷீட் தயாரானதும் உடனே வருங்காலத்தைக் கேக்காதீங்க. போன வருஷ மழையையும் மடை திறந்த நாளையும் போட்டு, பலகைப் பதிவோட ஒத்துப் பாருங்க. மாடல் கோடு ஒண்ணு, நிஜ மட்டம் ஒண்ணு, ஒரே வரைபடத்துல ரெண்டையும் போடுங்க. நிறையற காலத்துல மட்டும் விலகினா வரத்து தப்பு, கர்வ் நம்பரை மாத்திப் பாருங்க, இல்லேன்னா மேல் கண்மாய்த் தண்ணியை விட்டிருப்பீங்க. வத்தற காலத்துல மட்டும் விலகினா மடைக் கணக்கோ கசிவோ தப்பு. முழு நேரமும் ஒரே அளவு தள்ளி நின்னா பலகையைப் போய்ப் பாருங்க, நான் சொன்ன அந்த ஒரு அடி ஞாபகம் இருக்கட்டும்.

எண்ணை மாத்தி மாத்தி எப்படியாவது பொருந்த வெச்சிடலாம்னு தோணும். ஒரு வருஷத்தைப் பொருத்தறதுக்கு வெச்சுக்கிட்டு இன்னொரு வருஷத்தைத் தொடாம வெச்சு கடைசியில அதுல சோதிச்சுப் பாருங்க. அதுலயும் அரை அடிக்குள்ள நின்னா உங்க ஷீட்டை நம்பி ஊர்க்கூட்டத்துக்குப் போகலாம்.

ஏழாவது படி: இப்ப கேளுங்க

டிசம்பர் 10, கண்மாய் நிறைஞ்சு 20 மில்லியன் கன அடி, ஆயக்கட்டு 180 ஏக்கர், நட்டதுலேந்து 13 வாரம், இனிமே மழை இல்லேன்னு வெச்சுக்குவோம். 180 ஏக்கரும் நட்டா வாரத்துக்கு 1.87 மில்லியன் கன அடி மடை வழியா போகணும். ஷீட்டை ஓட்டினா 8 வாரம் முடியறப்போ தண்ணி மடை மட்டத்துக்கு வந்துடுது. அந்த வாரம்தான் குறுகிய கால நெல்லு பூக்கற நேரம், தண்ணி இல்லாம இருக்கவே கூடாத நேரம். அத்தனை ஏக்கரும் சேர்ந்து பதரா போகும்.

90 ஏக்கர்னா பயிருக்கு 12, ஆவியாதலும் கசிவும் சேர்ந்து ஆறரை, ஆக பதினெட்டரை, மாடு கன்னுக்கும் மீனுக்கும் கொஞ்சம் மிச்சம் நிக்கும். அதே தண்ணியில காய்ச்சலும் பாய்ச்சலுமா பாய்ச்சினா, அதாவது வயல்ல எப்பவும் தண்ணி கட்டாம மண்ணுக்குக் கீழ 15 சென்டிமீட்டர் வரைக்கும் இறங்க விட்டு மறுபடி பாய்ச்சினா, 20 சதவீதம் மிச்சமாகும்னு எடுத்துக்கிட்டா கூட 110 ஏக்கர் வரைக்கும் போகலாம். பூக்கற சமயத்துல மட்டும் காய விடக்கூடாது. மூணாவது ஒரு வழி, 90 ஏக்கர் நெல்லு, மிச்சத்துல கிணறு இருக்கறவங்க உளுந்து, பருத்தின்னு போறது.

இதுல எது சரின்னு கம்ப்யூட்டர் சொல்லாது, சொல்லவும் கூடாது. கடைமடைக்காரருக்கு இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம் முறை மாத்திக் கொடுக்கறதா, எல்லாருக்கும் பாதிப் பாதி நடவுன்னு போறதா, அது ஊரு பேசி முடிவு பண்ண வேண்டியது. ஒவ்வொரு முடிவுக்கும் எந்த வாரத்துல தண்ணி தீரும்னு நேர்மையா காமிக்கறதுதான் ஷீட்டோட வேலை.

இன்னொண்ணு, மழை இல்லேன்னு மட்டும் வெச்சு ஓட்டாம, பழைய இருபது முப்பது வருஷத்து டிசம்பர் ஜனவரி மழையை ஒவ்வொண்ணா போட்டு ஓட்டிப் பாருங்க. 30 வருஷத்துல எத்தனை வருஷம் 110 ஏக்கர் தப்பிச்சுதுன்னு எண்ணுங்க. "பத்து வருஷத்துல ஏழு வருஷம் கரை சேரும்"னு சொன்னா ஊர்ல எல்லாருக்கும் புரியும், "எழுபது சதவீத நம்பகத்தன்மை"ன்னு சொன்னா யாருக்கும் ஏறாது.

பெரிய சாஃப்ட்வேர் எப்ப?

ஒரு கண்மாய் வரைக்கும் ஷீட் போதும். நாலஞ்சு கண்மாய் சங்கிலி, நடுவுல ஒரு டவுன் குடிநீர், கிணறுங்க, மேல ஒரு அணைன்னு ஆனா ஷீட் சிக்கலாயிடும். அப்ப வீப்ங்கற சாஃப்ட்வேர். ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனம் உருவாக்கினது, நம்மள மாதிரி நாடுகள்ல அரசு, கல்லூரி, லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு லைசென்ஸ் இலவசம், எழுதிக் கேட்டு வாங்கணும். ஆத்தைக் கோடா வரைஞ்சு, அணையை முக்கோணமாவும் தண்ணி கேக்கறவங்களைப் புள்ளியாவும் வெச்சு இணைக்கறதுதான் வேலை. அதுல ஒவ்வொரு தேவைக்கும் முன்னுரிமை எண் கொடுக்கணும், 1ன்னா முதல்ல அவங்களுக்கு. குடிநீருக்கு 1, பாசனத்துக்கு 2ன்னு கொடுத்தா பற்றாக்குறை வருஷத்துல யாருக்கு எவ்வளவு குறையுதுன்னு காமிக்கும். அந்த எண்ணை நீங்களா கொடுத்துடாதீங்க, சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டுக் கொடுங்க, ஏன்னா மொத்தப் பங்கீடும் அந்த ஒரு எண்ணுலதான் இருக்கு.

நம்ம நாட்டுல இது புதுசு கிடையாது. ரெண்டாவது ஹைட்ராலஜி புராஜெக்ட்ல ரூர்க்கியில இருக்கற தேசிய நீரியல் நிறுவனம் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலத்தைச் சேர்த்து திட்டமிடலுக்கு இப்படி ஒரு அமைப்பை உருவாக்கினாங்க. இந்தியா-வாரிஸ் தளத்துல மழை, அணை இருப்பு, நிலத்தடி நீர் டேட்டா பொதுமக்களுக்கே திறந்திருக்கு, போய்ப் பழகுங்க.

வெள்ளம்னா அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவோட ஹெச்இசி வரிசை, எல்லாம் இலவசம். மழை எவ்வளவு ஓட்டமாகும்னு ஹெச்எம்எஸ், அந்த ஓட்டம் எங்க ஏறும்னு ராஸ், அணை ஷட்டரை எப்படி இயக்கறதுன்னு ரெஸ்சிம். நிலத்தடி நீருக்கு மோட்ஃப்ளோ, குழாய் இணைப்புக்கு எபாநெட். பேரை மட்டும் இப்ப தெரிஞ்சு வெச்சுக்குங்க, கேள்வி வர்றப்ப கத்துக்கலாம்.

வெள்ளக் கணக்கு ஏன் தனின்னு புரிய செம்பரம்பாக்கத்தை எடுத்துக்குங்க. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி திறந்துவிட்டது உச்சத்துல விநாடிக்கு 29,000 கன அடி. அந்த வேகத்துல ஒரு நாள் முழுக்கப் போனா 2,500 மில்லியன் கன அடி, அதாவது மொத்த ஏரியும் ஒன்றரை நாள்ல காலியாகற வேகம். வாரக் கணக்கு ஷீட்டுல இது கண்ணுக்கே தெரியாது, மணிக்கணக்குல பாக்கணும். அதே சென்னை 2019 கோடையில ஏரிங்க வறண்டு ஜோலார்பேட்டையிலேந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்துச்சு. நவம்பர் கடைசியில ஏரியை நிரப்பி வைக்கறதா, வெள்ளத்துக்கு இடம் விட்டு வைக்கறதாங்கற கேள்விக்கு ரெண்டு பக்கமும் உயிரு இருக்கு. 2015க்கு அப்புறம் சென்னைக்குன்னு சி-ஃப்ளோஸ்னு வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு வந்தது இந்த மாதிரி நேரத்துல முடிவு எடுக்கறவங்க கையில மணிக்கணக்கு தகவல் இருக்கணும்னுதான்.

கடைசிப் படி: கூட்டத்துக்குக் கொண்டு போங்க

லேப்டாப்பைச் சுவத்துல காமிக்க வேணாம். ஒரு சார்ட் பேப்பர்ல மூணு வரி: 180 ஏக்கர், 110 ஏக்கர், 90 ஏக்கர். ஒவ்வொண்ணுக்கும் நேரா 13 கட்டம், வாரத்துக்கு ஒண்ணு, தண்ணி இருக்கற வாரம் நீலம், இல்லாத வாரம் சிவப்பு. 180 ஏக்கர் வரியில ஒன்பதாவது கட்டத்துலேந்து சிவப்பு ஆரம்பிக்கும். அதைப் பாத்ததும் யாராவது "இது பூக்கற வாரமாச்சே"ன்னு சொல்லுவாங்க, அங்கேந்து பேச்சு தானா நடக்கும், நீங்க ஓரமா உக்காந்து குறிப்பெடுங்க.

கூட்டத்துல "போன தை மாசம் பொங்கலுக்கு மறுநாள் மழை வந்துச்சே, அதைச் சேத்தியா"ன்னு கேப்பாங்க. சேத்திருந்தா ஷீட்டுல காமிங்க. சேக்கலேன்னா சேக்கலேன்னு சொல்லிட்டு அங்கயே சேத்து ஓட்டிக் காமிங்க, ரெண்டு நிமிஷ வேலைதான்.

நடவு முடிஞ்ச பிறகு வாரா வாரம் திங்கக்கிழமை காலையில நீர்பாய்ச்சியோட போனுலேந்து கேஜ் பலகை போட்டோ ஒண்ணு உங்களுக்கு வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணிக்குங்க. அந்த எண்ணை ஷீட்டுல போட்டு, மாடல் சொன்னதுக்கும் அதுக்கும் அரை அடிக்கு மேல விலகினா அன்னைக்கே போன் பண்ணுங்க. அநேகமா ஏதோ ஒரு மடையை அடைக்கற பலகை சரியா உக்காராம ராத்திரி முழுக்க ஒழுகிக்கிட்டு இருக்கும்.